பித்தளையும் பழைய கடிகாரமும்: உபியில் ஒரு நாள் நகைப் பட்டறை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை முழுவதையும் சிங்கப்பூரின் உபி தொழிற்பேட்டையில், சரக்கு மின்தூக்கி மட்டுமே ஒழுங்காக இயங்கும் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில், பித்தளைத் தகட்டை அறுத்துக்கொண்டும் அரம் போட்டு ராவிக்கொண்டும் கழித்தேன். ‘ஸ்டீம்பங்க்’ பாணி நகைகளைக் கையால் செய்யக் கற்றுத்தரும் ஒரு நாள் பயிலரங்கு அது. காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிக்கு முடிகிறது. ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. கட்டணம் 165 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). நடத்துபவர்களின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் சிறிய இடம் அது. கற்றுத்தரும் முறையில் மிகுந்த நிறைவும், மேசையில் பரப்பி வைத்திருந்த பொருள்களில் கணிசமான குறையும் கண்டேன். குறையைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை, அதற்காக அவர்கள் பிழைப்பில் கை வைக்கவும் மனமில்லை. இதுபோன்ற வகுப்புக்குப் பணம் கட்டும் முன் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இந்தக் குறிப்பு பயன்பட்டால் போதும்.

இந்தப் பாணி அறிமுகமாகாதவர்களுக்காகச் சில வரிகள். ‘ஸ்டீம்பங்க்’ என்ற சொல்லை 1987ஆம் ஆண்டு அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர் ஓர் இதழுக்கு எழுதிய கடிதத்தில் பாதி விளையாட்டாகப் பயன்படுத்தினார். மின்னணுவியல் வராமல், விக்டோரியா மகாராணி காலத்து நீராவி இயந்திரங்களே வளர்ந்துகொண்டு வந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனையிலிருந்து பிறந்த கதைகளைக் குறிக்க வந்த சொல், பிறகு உடை, அணிகலன், வீட்டுப் பொருள் என்று பரவியது. நகையில் அதன் அடையாளங்கள் பித்தளை, செம்பு, பற்சக்கரம், பழைய சாவி, திருகாணி, தறையாணி (ரிவெட்) ஆகியவை. நமக்கு இது அந்நியமான அழகு என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் ஆற்றின் மீதுள்ள கேவனா பாலம் 1869இல் கிளாஸ்கோ நகரிலிருந்து வந்த இரும்பால் கட்டப்பட்டது. 1894இல் எழுந்த லாவ் பா சாட் சந்தையின் வார்ப்பிரும்புத் தூண்களும் அதே நகரத்தில் வார்க்கப்பட்டவை. வகுப்புக்கு முந்தைய வாரம் கேவனா பாலத்தின் நடுவில் நின்று, சாம்பல் வண்ணம் பூசிய தறையாணித் தலைகளைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனேன். அது வீண் போகவில்லை என்பது பிற்பகலில் தெரிந்தது.

கற்றுத்தருபவர் அறுபதைத் தாண்டிய ஒரு சீனர். நெடுங்காலம் கடிகாரம் பழுது பார்த்தவர்; எல்லோருக்கும் அவர் ‘அங்கிள்’. அவருக்குத் துணையாகத் தமிழ் இளைஞர் ஒருவர் இருக்கிறார். பதிவு, பணம், பாதுகாப்புக் கண்ணாடி, தேநீர் எல்லாம் அவர் பொறுப்பு. நான் பையிலிருந்து எடுத்து வைத்த சாமணத்தை (சிறு இடுக்கியை) பார்த்ததும் அந்த இளைஞர், “அக்கா, இது எங்க வாங்குனீங்க?” என்று கேட்டார். வாங்கியதில்லை. பஃபளோ ரோடு பக்கம் பத்தராக இருந்த என் தாத்தாவிடமிருந்து வந்தது. அதன் ஒரு நுனி இன்னொன்றைவிட மயிரிழை நீளம். தாத்தா வேண்டுமென்றே அப்படித் தேய்த்து வைத்திருந்தாரா, தேய்ந்து போனதா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அங்கிள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நுனிகளைச் சமமாக்கக் கூடாது என்று மட்டும் சொல்லித் திருப்பித் தந்தார். அந்த நிமிடமே 165 வெள்ளியில் பாதி செரித்துவிட்டது.

முதல் இரண்டு மணி நேரம் அறுப்பதற்கே போகிறது. ஆளுக்கொரு பித்தளைத் தகடு தருகிறார்கள், கனம் 0.8 மில்லிமீட்டர். வில் ரம்பத்தில் 2/0 எண் இழையைப் பூட்ட வேண்டும். பற்கள் கைப்பிடியைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இழையைச் சுண்டினால் வீணைத் தந்திபோல் ஒலிக்கும் அளவுக்கு விறைப்பு வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் இழை முறியும். நான் ஐந்து இழைகளை முறித்தேன். பக்கத்தில் இருந்த பெண் பதினொன்றை முறித்தார். முறிந்த ஒவ்வொன்றுக்கும் அங்கிள் எழுந்து வந்து, நாம் ரம்பத்தை எந்த இடத்தில் முன்னுக்குத் தள்ளினோம் என்பதைச் சரியாகச் சொன்னார். ரம்பத்தைத் தள்ளக் கூடாது, மேலும் கீழும் ஆட்டினால் அதுவே வழி பார்த்துக்கொள்ளும். திரும்ப வேண்டிய இடத்தில் ரம்பத்தைத் திருப்பாமல், ஆட்டத்தை நிறுத்தாமலே தகட்டைத் திருப்ப வேண்டும். காணொளிகளில் பத்து முறை பார்த்தும் கைக்கு வராத இந்த ஒன்று, பக்கத்தில் ஓர் ஆள் நின்று சொன்னதும் பதினைந்து நிமிடத்தில் வந்துவிட்டது.

அடுத்து இணைப்பு. இந்த வகுப்பின் உயிர்நாடி இதுதான் என்பேன். சந்தையில் ‘ஸ்டீம்பங்க்’ என்று விற்கும் நகைகளில் பெரும்பாலானவை, ஏதோ ஒரு வட்டத்தின் மேல் நான்கு பற்சக்கரங்களைப் பசை வைத்து ஒட்டியவை. அந்தச் சக்கரம் எதையும் சுழற்றாது, எதையும் தாங்காது. பொட்டு வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும். இங்கே பசைப் புட்டியை மேசைக்கே கொண்டுவரவில்லை. சூடு காட்டிப் பற்றவைப்பதும் கடிகார உறுப்புகளுக்கு ஒத்துவராது என்பதை அங்கிள் ஒரு சக்கரத்தை எரித்தே காட்டினார். சக்கரம் பித்தளை, அதன் நடு அச்சு எஃகு. வெள்ளிப் பற்றாசு உருக 700 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு தேவைப்படும். அதற்குள் எஃகு நீலமாகி, பதம் இழந்து, விரலால் வளைக்கும் அளவுக்கு ஆகிவிடுகிறது. பித்தளையையும் கண்டபடி காய்ச்ச முடியாது. அதில் செம்போடு கலந்திருக்கும் துத்தநாகம் 907 டிகிரியில் கொதிப்பது. சூடு மிஞ்சினால் வெண்புகையாகக் கிளம்பும், அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். வீட்டில் சமையலறை அடுப்பை வைத்து முயன்று பார்க்கலாமா என்று கேட்டவருக்குக் கிடைத்த பதில் ஒரே ஒரு பார்வை.

ஆகவே தறையாணி. 1 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, அதே அளவுக்குத் துளை. கம்பி துளைக்குள் இறுக்கமாகப் போக வேண்டும். தொளதொளத்தால் அந்தத் துளை கெட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும். தகட்டின் இருபுறமும் கம்பியின் விட்டத்தில் பாதி, அதாவது அரை மில்லிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்குமாறு நறுக்கி, நுனியை அரத்தால் சமமாக்கி, சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். நடு மண்டையில் அடித்தால் கம்பி உள்ளேயே மடங்கிவிடும். விளிம்பைச் சுற்றிச் சுற்றி, கொசுவை விரட்டும் அளவு பலத்தில் தட்டினால் நுனி மெல்ல விரிந்து காளான் குடைபோல் கவிந்துகொள்கிறது. முன்பக்கம் பத்துத் தட்டு, திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பத்துத் தட்டு. என் முதல் மூன்று ஆணிகள் கோணலாயின. நான்காவது நின்றது. கேவனா பாலத்தில் எடுத்த படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அளவில்தான் வேறுபாடு, உருவம் அதுவேதான்.

சக்கரம் சுழல வேண்டுமென்றால் அதற்கும் ஓர் உபாயம் உண்டு. தகட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிவிட்டு ஆணியைத் தட்டி முடித்து, பிறகு காகிதத்தை நனைத்துக் கிழித்து எடுத்துவிட வேண்டும். காகிதத்தின் கனம் அளவுக்கு இடைவெளி மிஞ்சுவதால் சக்கரம் ஓடுகிறது. நான் செருகியது கோப்பிக்கடை ரசீது.

இனி குறை. விளம்பரத்தில் ‘முழுக்க முழுக்கப் பழைய உலோக உறுப்புகளிலிருந்து’ என்று எழுதியிருந்தார்கள். மேசை நடுவில் இருந்த தட்டில் நூற்றுக்கணக்கான பற்சக்கரங்கள் குவிந்திருந்தன. கையில் எடுத்ததுமே சந்தேகம் வந்தது: எல்லாம் ஒரே நிறம், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே கறுப்பு, விளிம்பில் வார்ப்பச்சின் கோடு. இரண்டை அருகருகே வைத்துப் பல்லோடு பல் கோக்கப் பார்த்தால் சேரவே இல்லை. நிஜக் கடிகாரத்தில் வேலை பார்த்த சக்கரங்களாக இருந்தால் அதனதன் ஜோடியோடாவது சேரும். ஒன்றின் முதுகில் அரத்தால் ஒரு கீறல் போட்டேன். பித்தளை நிறத்துக்கு அடியில் வெள்ளை உலோகம் தெரிந்தது. மொத்தமாக வார்த்து, பழையதுபோல் பூச்சுக் கொடுத்துப் பொட்டலமாக விற்கும் துத்தநாகக் கலவைச் சரக்குதான் அது. அதை விற்பது குற்றமில்லை. அதைப் பழைய உறுப்பு என்று சொல்வது சரியில்லை. அதிலும், பசை வேண்டாம், பொய்ச் சக்கரம் வேண்டாம் என்று காலையெல்லாம் கற்றுத்தந்துவிட்டு மதியம் அந்தத் தட்டை நீட்டுவது பொருந்தவே இல்லை.

இளைஞரைத் தனியே அழைத்துக் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. சுங்கை ரோடு திருடர் சந்தை இருந்தவரை, ஓடாத கடிகாரங்களைக் கைநிறைய அள்ளி வரலாம் என்றும், 2017 ஜூலை 10ஆம் தேதி அதை மூடிய பிறகு சரக்குக் கிடைப்பது சுருங்கிவிட்டது என்றும், வீடு வீடாகப் பழைய சாமான் வாங்கும் கராங் குனிக்காரர்கள் கொண்டுவருவதில் பாதி மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்கள், அவற்றைத் திறந்தால் பிளாஸ்டிக் சக்கரம்தான் இருக்கிறது என்றும் சொன்னார். காரணம் நியாயமானது. அதையே விளம்பரத்திலும் சொல்லியிருக்கலாம்.

நாங்கள் பேசியது காதில் விழுந்ததோ என்னவோ, அங்கிள் தம் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு கோங் குவான் பிஸ்கட் டின்னை எடுத்து என் முன் வைத்தார். மூடியைத் திறந்தால் உண்மையான சரக்கு: கைக்கடிகார இயக்கங்கள் (அதாவது உள்ளே ஓடும் இயந்திரம்), அலாரக் கடிகாரத்தின் கனத்த சக்கரங்கள், ஒரு தையல் இயந்திரத்தின் உறுப்பு, எந்தப் பூட்டுக்கும் சொந்தமில்லாத சாவிகள். ஓர் இயக்கத்தை எப்படிக் கழற்றுவது என்று எனக்கும் பக்கத்துப் பெண்ணுக்கும் மட்டும் காட்டினார். முதலில் திருகாணியில் கை வைக்கக் கூடாது. உள்ளே சுருள்வில் இன்னும் முறுக்கோடு இருந்தால், சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் ‘பாலம்’ என்ற தகட்டைக் கழற்றிய கணத்தில் சக்கரங்கள் பறந்து பற்கள் உதிரும். சாவி கொடுக்கும் குமிழை விரல்களால் பிடித்துக்கொண்டு, பின்வாங்காமல் தடுக்கும் சிறு கொக்கியைக் குச்சியால் விலக்கி, முறுக்கை விரலிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிட வேண்டும். நழுவும்போது விரல் நுனியில் ஒரு கறுமுறுப்புத் தெரிகிறது. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் யாரோ கொடுத்த சாவி அது.

அதே டின்னில் இன்னொன்றும் இருந்தது. மஞ்சளும் பழுப்புமாக எண்களில் பூச்சுப் பூசிய ஒரு பழைய முகப்புத் தட்டு. பக்கத்துப் பெண் அதைத் தேர்ந்தெடுத்து, பூச்சைச் சுரண்டப் போனார். நான் தடுத்தேன். இருளில் ஒளிரும் பழைய கடிகாரங்களில் 1960கள் வரை ரேடியம் கலந்த பூச்சு பயன்பட்டது. அந்த ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகச் சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ஒளிர்வது நின்றுபோனாலும் கதிர்வீச்சு நிற்பதில்லை. சும்மா மேசையில் கிடப்பதைவிட, சுரண்டிப் பொடியாக்கி மூச்சில் இழுப்பதில்தான் ஆபத்து அதிகம். அங்கிள் உடனே அதை வாங்கி, பையில் போட்டுத் தனியே வைத்துவிட்டார்; அவருக்கு அது தெரியாததல்ல. ஆனால் ரம்ப இழைக்கு அரை மணி நேரம் பேசியவர், இதற்கு ஒரு நிமிடம் முன்கூட்டியே ஒதுக்கியிருக்க வேண்டும். வகுப்பில் நான் கண்ட குறைகளில் மன்னிக்கக் கடினமானது இதுதான்.

என் பையில் அப்பாவின் எச்எம்டி ஜனதா கைக்கடிகாரம் இருந்தது. 1961இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலையின் தயாரிப்பு, சாவி கொடுத்து ஓடுவது, 17 கற்கள். கல் என்றால் வைரமில்லை, அச்சுகள் தேயாமல் சுழலப் பதிக்கும் செயற்கை மாணிக்கம். அப்பா இறந்தபின் ஓடாமல் கிடந்த அதைப் பிரித்துப் பதக்கமாக்கிக் கழுத்தில் போட்டுக்கொள்வது என்பதுதான் நான் இந்த வகுப்புக்கு வந்ததன் உள்நோக்கம். அங்கிள் பின்மூடியைத் திறந்து, கண்ணில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். இப்படியும் அப்படியும் ஆடிக் கடிகாரத்தின் வேகத்தைக் காக்கும் சமநிலைச் சக்கரத்தை ஒரு குச்சியின் நுனியால் லேசாகத் தொட்டார். அது நான்கைந்து முறை ஆடி நின்றது. எண்ணெய் காய்ந்திருக்கிறது, வேறொன்றுமில்லை, இதை உடைக்காதே என்று சொல்லி மூடிக் கையில் கொடுத்துவிட்டார். தன் வகுப்பில் செய்யக்கூடிய பொருளைத் தானே வேண்டாம் என்று தடுப்பவரிடம் கற்றுக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை கூடிற்று.

மாலையில் நிறமேற்றுதல். ‘லிவர் ஆஃப் சல்ஃபர்’ எனப்படும் கந்தகக் கரைசல் வெள்ளியையும் செம்பையும் நொடியில் கறுக்க வைக்கும்; பித்தளையில் அவ்வளவாக ஏறாது. இதற்கு அங்கிள் கையாண்ட வழி என்னை வியக்க வைத்தது. நகை செய்பவர்கள் பொருளைச் சுத்தப்படுத்தும் அமிலத் தொட்டியில் இரும்பு இடுக்கியை விடவே கூடாது என்பார்கள். விட்டால் கரைசலில் இருக்கும் செம்பு எல்லாவற்றின் மேலும் ஏறிவிடும். அந்த விபத்தை அவர் வேண்டுமென்றே செய்தார். பலமுறை பயன்படுத்திய அமிலத்தில் பித்தளைப் பதக்கத்தோடு ஓர் இரும்புக் கம்பியையும் போட, கொஞ்ச நேரத்தில் பதக்கம் ரோஜா நிறமானது. கழுவி, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கந்தகக் கரைசலில் முக்கியதும் காப்பிக்கொட்டை நிறம் வந்தது. மேடுகளை மட்டும் துணியால் தேய்த்துவிட்டால் பித்தளை மறுபடி மினுங்க, பள்ளங்களில் கருமை தங்கிவிடுகிறது.

இத்தனை வேலையையும் அம்மா ஒரே இரவில் கலைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பதக்கத்தை மேசையில் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் எழுந்தால் பதக்கம் பூஜையறைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில், அதைப் போலவே பளபளவென்று இருந்தது. “களிம்பு புடிச்சிக் கெடந்துச்சு, புளி போட்டுத் தேச்சேன்” என்றார். புளியின் அமிலம் தன் வேலையைக் குறையில்லாமல் செய்திருந்தது. தறையாணிகள் அசையவில்லை, சக்கரம் சுழன்றது என்பதால், அந்த நகையின் உறுதிக்கு இதைவிட நல்ல சோதனை இருக்க முடியாது. ஆனால் நிறத்தைக் காக்க மெழுகுப் பூச்சு போட வேண்டும் என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் பித்தளை மங்குவதோடு நிற்காது, எஃகு அச்சுகள் ஒரே மாதத்தில் துருப்பிடிக்கும். இந்த ஊரில் நடத்தும் வகுப்பில் அது முதல் பாடமாக இருந்திருக்க வேண்டாமா?

பதக்கத்தோடு இலவசமாகத் தந்த சங்கிலியைப் போட்டு இரண்டாம் நாள் கழுத்தில் தடிப்பு வந்தது. நிக்கல் பூச்சாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். பருத்திக் கயிற்றுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. ஒவ்வாமை உள்ளவர்கள் சொந்தச் சங்கிலி கொண்டுபோவது நல்லது. வாசலில் 48 வெள்ளிக்கு விற்கும் ‘வீட்டிலேயே செய்க’ பெட்டியை வாங்க வேண்டாம். உள்ளே இருப்பது அந்தத் தட்டுச் சக்கரங்களும் ஒரு பசைக் குழாயும்தான். மதிய உணவு கட்டணத்தில் சேராது, கீழே கோப்பிக்கடை இருக்கிறது.

நான் அடுத்த நிலை வகுப்புக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். 240 வெள்ளி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், நான்கு பேர் மட்டும். பணம் அனுப்பும் முன் அந்த இளைஞருக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன், பிஸ்கட் டின் மேசைக்கு வருமா என்று. பத்து நிமிடத்தில் பதில் வந்தது: “டின் இருக்கும் அக்கா. ஆனா அங்கிள்கிட்ட நீங்கதான் கேக்கணும்.”